‘நபர்’ என்றால் யார்?

அரசு அலுவலகத்தில் 34 வருடம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். எந்த விதியைக் கையில் கொடுத்தாலும், “இது யாருக்குப் பொருந்தும்?” என்றுதான் முதலில் தேடுவான். விதியில் ‘நபர்’ என்று இருக்கும், ‘ஊழியர்’ என்று இருக்கும், ‘குடும்பம்’ என்று இருக்கும். அந்தச் சொல்லுக்குள் யார் அடங்குவார், யார் அடங்கமாட்டார் என்பதில்தான் ஒருவருடைய சோறு இருக்கும். அண்ணன் வீட்டோடு இருந்த ஒரு விதவைத் தங்கை, ‘குடும்பம்’ என்ற சொல்லுக்குள் வருவாளா மாட்டாளா என்று ஒரு கோப்பு எட்டு மாதம் மேசை மேசையாகப் போய்வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதில் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் கோர்ட்டுக்கும் சட்டசபைக்கும் போன கதையைப் பெரும்பாலும் பெயர்ப் பட்டியலாகச் சொல்வது வழக்கம். முதல் வக்கீல் இன்னார், முதல் மந்திரி இன்னார், முதல் நீதிபதி இன்னார். பட்டியல் வேண்டியதுதான். ஆனால் அந்த முதல் ஆள் வரும்வரை கதவு எதனால் பூட்டிக்கிடந்தது என்று பார்த்தால், பல இடங்களில் ஒரே ஒரு சொல்தான் பூட்டாகத் தொங்கியிருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, பிறகு இந்திய அரசின் விதிப் புத்தகங்களோடு காலம் தள்ளியவன் என்பதால், இரண்டு பக்கத்துப் பூட்டுகளையும் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்கத்தாவில் ஒரு மனு

1916ம் வருடம். ரெஜினா குஹா என்ற பெண் சட்டப் படிப்பை முடித்துவிட்டு, வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள விண்ணப்பித்தார். அன்றிருந்த வக்கீல்கள் சட்டம் 1879ல் வந்தது. தகுதியுள்ள ‘நபர்’ பதிவு செய்துகொள்ளலாம் என்றுதான் அதில் இருந்தது. பெண் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. ஆண்பாலில் எழுதப்பட்ட சொல் பெண்ணையும் குறிக்கும் என்று சொல்ல ஜெனரல் கிளாஸஸ் ஆக்ட் என்ற பொதுச் சட்டமும் இருந்தது. என்னைப் போன்ற குமாஸ்தாவிடம் அந்த மனு வந்திருந்தால், “விதியில் தடை இல்லை, அனுமதிக்கலாம்” என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருப்பேன்.

கல்கத்தா உயர் நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் ஆண்கள்தான் இருந்தார்கள், ஆகவே ‘நபர்’ என்றால் ஆண்தான் என்று முடிவு செய்தது. 1921ல் பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ரா என்ற பெண்ணும் இதே கேள்வியோடு போனார். இதே பதில்தான் கிடைத்தது.

அதே 1921ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் மட்டும் கொர்னீலியா சொராப்ஜியைப் பதிவு செய்துகொண்டது. அவருக்கு அப்போது வயது 54. ஆக்ஸ்போர்டில் சட்டப் பரீட்சையை 1892லேயே எழுதியவர். எழுதவிட்டார்களே தவிர, பட்டம் கொடுக்கவில்லை. அது கைக்கு வர இன்னும் 30 வருடம் ஆயிற்று. இடையில் கோஷா முறையில் அடைந்துகிடந்த ஜமீன் குடும்பத்துப் பெண்களுக்குச் சொத்து விவகாரங்களில் ஆலோசகராகப் பல வருடம் உழைத்தார். ஆண் வக்கீல் உள்ளே போக முடியாத இடத்தில் அவருக்கு வேலை இருந்தது. ஆண் வக்கீல்கள் நின்ற கோர்ட்டில் அவருக்கு இடம் இல்லை.

கடைசியில் 1923ல் ஒரு சிறிய சட்டம் கொண்டுவந்தார்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் வக்கீல் தொழிலிலிருந்து விலக்கக்கூடாது என்பதுதான் அதன் சாரம். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் சட்டம். அதற்கு ரெஜினா குஹாவின் மனுவிலிருந்து ஏழு வருடம் பிடித்தது.

பாரிஸிலும் அதே கதை

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஆண்ட பக்கம். நம் பிரெஞ்சுப் பக்கம் சமத்துவம் கொடிகட்டிப் பறந்தது என்று எங்கள் தலைமுறையில் சிலர் இன்னும் பேசுவார்கள். பாரிஸில் ழான் ஷோவேன் என்ற பெண், சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், 1897ல் வக்கீல் பிரமாணம் எடுத்துக்கொள்ளப் போனார். அங்கேயும் சட்டத்தில் தடை எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் வக்கீல் தொழில் ஆண்களுக்கானது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1900 டிசம்பரில் தனியாக ஒரு சட்டம் போட்ட பிறகுதான் அவரால் கறுப்பு அங்கி போட முடிந்தது.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பொன்னுத்தம்பிப் பிள்ளையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1873ல் புதுச்சேரி கோர்ட்டுக்கு ஐரோப்பியர் போலக் காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு போனதற்காகத் தடுக்கப்பட்ட வக்கீல் அவர். பாரிஸ் உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்தார். பின்னர் 1881ல் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கும் ரெனோன்சான் முறை வந்தபோது, அதில் முன்னால் நின்று, தன் குடும்பத்துக்கு லா போர்த் என்ற பெயரை வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் ‘கதவு’ என்று பொருள். அவர் திறந்த கதவு பெரியதுதான். ஆனால் அவர் பூட்ஸோடு உள்ளே போன அந்தக் காலத்தில், வெறுங்காலோடு வந்தாலும் ஒரு பெண்ணால் வக்கீலாக அந்தப் படியேற முடியாது. புதுச்சேரியிலும் முடியாது, பாரிஸிலும் முடியாது.

எங்கள் சரித்திரப் புத்தகத்தில், பிரான்சில் 1848லேயே ‘சர்வஜன வாக்குரிமை’ வந்துவிட்டது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். என் பெரிய அக்கா அதே பாடத்தை எனக்கு முன்னால் படித்தவள். ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவிடம், “சர்வஜனம்னா பொம்பளைங்களும் உண்டாப்பா?” என்று கேட்டாள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது பரீட்சைக்கு வராதும்மா” என்றார். அக்கா அந்த வருடம் சரித்திரத்தில் வகுப்பிலேயே முதல்.

1848ல் வாக்குரிமை கிடைத்தது ஆண்களுக்கு மட்டும். ‘பிரெஞ்சுக்காரர் அனைவரும்’ என்பதில் பெண்கள் சேர்த்தி இல்லை. உபெர்த்தீன் ஒக்லேர் என்ற அம்மையார் 1880ல், வாக்கு இல்லாத எனக்கு வரியும் இல்லை என்று சொல்லி வரி கட்ட மறுத்தார். வரி வசூலிக்கும்போது மட்டும் பெண்ணும் பிரெஞ்சுக்காரராகிவிடுவது எப்படி என்பது நியாயமான கேள்விதானே! வரியும் குறையவில்லை, வாக்கும் வரவில்லை. 1919ல் கீழ்ச்சபை பெண்களுக்கு வாக்குரிமை தரச் சம்மதித்தது. 1922ல் செனட் தள்ளிவிட்டது.

சென்னை முந்திக்கொண்டது

இதே சமயத்தில் பக்கத்தில் சென்னை மாகாணத்தில் என்ன நடந்தது? 1917ல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசா முதலியவர்கள் முன்னின்றார்கள். அந்த டிசம்பரில் இந்திய மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு தூதுக்குழு போய், பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்டது.

அதை ஆராய்ந்த கமிட்டி, இந்தியப் பெண்களுக்கு இன்னும் காலம் வரவில்லை என்றது. பிறகு லண்டனில் 1919 சட்டத்தை எழுதியபோது ஒரு தந்திரம் செய்தார்கள். பெண்கள் வாக்களிக்கலாமா கூடாதா என்பதை அந்தந்த மாகாண சபையே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். கோப்பில் கையெழுத்துப் போடப் பயப்படும் மேலதிகாரி, “கீழ் அலுவலகமே தக்க முடிவு எடுக்கலாம்” என்று எழுதித் தள்ளிவிடுவாரே, அதேதான். அப்படித் தள்ளிவிட்டதில் இந்தத் தடவை நன்மை விளைந்தது. ஜஸ்டிஸ் கட்சி ஆட்சியில் இருந்த சென்னை சட்டசபை, 1921 ஏப்ரலில் பெண் என்ற தடையை நீக்கித் தீர்மானம் போட்டுவிட்டது. பிரிட்டிஷ் மாகாணங்களில் இதுதான் முதல்.

சொத்தும் வரியும் இருந்தால்தான் வாக்கு என்ற காலம் அது. ஆகவே வாக்குக் கிடைத்த பெண்கள் மிகச் சிலரே. தேர்தலில் நிற்கும் உரிமை 1926ல்தான் வந்தது. அந்த வருடமே மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்யாய நின்று, மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

அதே சமயம் சட்டசபைக்கு நியமன உறுப்பினராக வந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா மகாராஜா கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அம்மா இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். ஆண்கள் கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்க்கக்கூடாது என்று எதிர்ப்பு எழுந்தபோது, புதுக்கோட்டை ராஜா தலையிட்டு இடம் வாங்கிக்கொடுத்தார். 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம். 1927ல் சட்டசபையின் துணைத் தலைவராக அவரை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நாளில் பிரான்சில் எந்தப் பெண்ணுக்கும் வாக்குச் சீட்டுக்கூடக் கிடையாது என்பதைப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

முத்துலட்சுமி அம்மையார் அந்த நாற்காலியை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை. தேவதாசி முறை எப்படி நீடித்தது என்று அவர் பார்த்தார். கோயிலில் ஊழியம் செய்தால் மானிய நிலம். ஊழியத்தை விட்டால் நிலம் போய்விடும். ஆகவே தாய்க்குப் பிறகு மகளுக்குப் பொட்டுக் கட்டவேண்டும். இல்லாவிட்டால் குடும்பம் தெருவில் நிற்கும். பழைய ரெவின்யூ குமாஸ்தா யாரைக் கேட்டாலும் சொல்வார், நிலத்தில் கைவைக்காமல் எந்த வழக்கமும் மாறாது. 1929ல் இந்து அறநிலையச் சட்டத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது: ஊழியம் செய்யாமலே அந்த நிலத்தை வைத்துக்கொள்ளலாம். பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவையும் 1930ல் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி போன்ற பெரிய தலைவர்களே எதிர்த்துப் பேசினார்கள். அந்த வருடம் காந்தி கைதானதை அடுத்து அம்மையார் பதவியை விட்டார்.

சபைக்கு வெளியே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் இதையே பேசினார். அந்த வாழ்க்கையை அனுபவித்து வெளியே வந்தவர் என்பதால் அவர் பேச்சுக்கு மறுபேச்சுச் சொல்ல ஆட்கள் திணறினார்கள். தடைச் சட்டம் நிறைவேறியது 1947ல். மசோதாவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் 17 வருடம். அதற்குள் எத்தனை சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டியிருப்பார்கள் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1937 தேர்தலில் சென்னை சட்டசபையின் 215 இடங்களில் 8 பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தில் சிறை போன ருக்மிணி லட்சுமிபதி அந்தத் தேர்தலில் ஜெயித்துத் துணை சபாநாயகரானார். 1946ல் பிரகாசம் மந்திரிசபையில் சுகாதார மந்திரி. சென்னை மாகாணத்தின் முதல் பெண் மந்திரி அவர்தான். எழும்பூரில் மார்ஷல் ரோடு என்று நம் வயதுக்காரர்கள் சொல்லும் தெருவுக்கு இன்று அவர் பெயர்தான். கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள்.

புதுச்சேரிக்கு வந்தது எப்போது?

பிரான்சில் 1936ல் ஒரு வேடிக்கை நடந்தது. பிரதமர் லியோன் ப்ளூம் மூன்று பெண்களைத் துணை மந்திரிகளாக்கினார். அவர்களில் ஒருவர் நோபல் பரிசு வாங்கிய இரேன் ஜோலியோ கியூரி. மந்திரி நாற்காலியில் உட்காரலாம். தேர்தலில் வாக்குப் போட முடியாது! 1944 ஏப்ரல் 21ம் தேதி, அல்ஜியர்ஸிலிருந்து தெ கோல் அரசு வெளியிட்ட அவசரச் சட்டத்தில்தான், ஆண்களைப் போலவே பெண்களும் வாக்களிக்கலாம், தேர்தலிலும் நிற்கலாம் என்று ஒரு வரி சேர்ந்தது. சென்னைக்கு 23 வருடம் பின்னால்.

புதுச்சேரி ஆண்களுக்கு 19ம் நூற்றாண்டிலேயே வாக்கு உண்டு. ஆனால் வெள்ளையர் ஒரு பட்டியல், ரெனோன்சான் ஒரு பட்டியல், மற்றவர் ஒரு பட்டியல் என்று பிரித்துவைத்த வாக்கு. எந்தப் பட்டியலிலும் பெண் பெயர் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் நிலைமை மாறியது.

வீட்டுக்குள்ளும் ஒரு பூட்டு இருந்தது. நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டத்தின் 213வது பிரிவு, கணவன் மனைவியைக் காக்கவேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியவேண்டும் என்று சொன்னது. ரெனோன்சான் குடும்பங்களுக்கும் அதுதான் சட்டம். மேரியில் திருமணம் பதியும்போது அதை மணமக்களுக்கு உரக்கப் படித்துக் காட்டவேண்டும் என்பது விதி. கீழ்ப்படியவேண்டும் என்ற சொல்லை 1938ல்தான் எடுத்தார்கள். கணவன் சம்மதம் இல்லாமல் வேலைக்குப் போகவும் பாங்கில் கணக்குத் திறக்கவும் பிரெஞ்சு மனைவிக்கு 1965ல்தான் சட்டம் வழிவிட்டது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் அரைக்கால் சட்டையோடு சமத்துவத்தைப் பற்றி வியாசம் எழுதிக்கொண்டிருந்தேன்.

என் பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர். 1955ல் நடந்த பிரதிநிதித்துவ சபைத் தேர்தலில் வாக்குப் போட்டுவிட்டு வந்த கதையை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். யார் ஜெயித்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை. “யாருக்குப் போட்டேன்னு உங்க தாத்தாகிட்டகூடச் சொல்லலை” என்பார். தாத்தா சாகும்வரை கேட்டுப் பார்த்தாராம்.

நீதிபதி நாற்காலி

1923 சட்டம் வந்த பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் முதலில் பதிவு செய்துகொண்ட பெண் ஆனந்தபாய், வருடம் 1929. புதுச்சேரி வழக்குகளும் 1962லிருந்து அந்த நீதிமன்றத்தின் கீழ் வந்ததால், அது நம் கதையும்தான்.

திருவிதாங்கூரில் இன்னும் வேகமாக நடந்தது. அன்னா சாண்டி 1926ல் சட்டப் பட்டம் வாங்கினார். 1920களின் கடைசியில் திருவனந்தபுரத்தில், கல்யாணமான பெண்களுக்குச் சர்க்கார் உத்தியோகம் கொடுக்கக்கூடாது என்று ஒரு பிரமுகர் பேச, அதே கூட்டத்தில் அன்னா சாண்டி எழுந்து, கோர்ட்டில் வாதாடுவதுபோல் ஒவ்வொரு வாதமாக எடுத்து மறுத்தார் என்பது பிரசித்தம். சட்டசபைக்கு நின்று ஒரு தடவை தோற்றார், மறு தடவை ஜெயித்தார். 1937ல் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் அவரை முன்சீப்பாக நியமித்தார். இந்தியாவில் நீதிபதியான முதல் பெண் அவர். 1959ல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் முதல் பெண் நீதிபதி பத்மினி ஜேசுதுரை. வருடம் 1986. முதல் பெண் வக்கீல் பதிவானதிலிருந்து 57 வருடம். இந்த 57 வருடத்தில் சட்டத்தில் எந்தத் தடையும் எழுதப்பட்டிருக்கவில்லை. சொல் திறந்துவிட்டது, நாற்காலி திறக்கவில்லை. டில்லி உச்ச நீதிமன்றத்துக்கு பாத்திமா பீவி போனது 1989ல். பின்னர் அவரே தமிழ்நாட்டுக்குக் கவர்னராகவும் வந்தார்.

அரசு வேலைக்காரர்களான நமக்கு நெருக்கமான ஒரு வழக்கு உண்டு. 1951ல் ஐ.ஏ.எஸ். தேறிய முதல் பெண் அன்னா ராஜம். சென்னை மாகாணத்தில் வேலைக்கு வந்தவர். கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்ற நிபந்தனை அவருடைய நியமன உத்தரவிலேயே இருந்தது. வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு நினைத்தால் ராஜினாமா செய்யச் சொல்லலாம் என்று அந்தப் பணியின் விதி சொன்னது. ஆண் அதிகாரிக்கு அப்படி எதுவும் இல்லை. தனக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அரசு பதவி உயர்வைக் கொடுத்துவிட்டது. அந்த விதிகளையும் மாற்றுவதாகச் சொன்னது. 1979ல் நீதிபதி கிருஷ்ணய்யர் மனுவை முடித்துவைத்தாலும், அந்த விதிகளைக் கடுமையாகச் சாடிவிட்டுத்தான் முடித்தார். அரசியல் சட்டம் வந்து 29 வருடம் ஆகியும் விதிப் புத்தகத்தில் அந்த வரி குந்தியிருந்திருக்கிறது.

இப்போதைய பூட்டு

தமிழ்நாட்டில் ஜோதி வெங்கடாசலம், லூர்தம்மாள் சைமன், சத்தியவாணி முத்து என்று பெண் மந்திரிகள் வரிசையாக வந்தார்கள். 1988 ஜனவரியில் ஜானகி அம்மாள் சில வாரம் முதல்வராக இருந்தார். 1991லிருந்து ஜெயலலிதா எத்தனை தடவை அந்த நாற்காலிக்கு வந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

நம் புதுச்சேரிக் கணக்கு வேறு. டில்லியிலிருந்து அனுப்பப்பட்ட துணைநிலை ஆளுநர்களில் சந்திராவதி, ராஜேந்திர குமாரி பாஜ்பாய், ரஜனி ராய், கிரண் பேடி, தமிழிசை என்று ஐந்து பெண்கள் உண்டு. ஊர் மக்கள் வாக்குப் போட்டு மந்திரியானவர் என்றால், 1980ல் அமைந்த மந்திரிசபையில் ரேணுகா அப்பாதுரை. அவருக்குப் பிறகு 2021ல் நெடுங்காட்டிலிருந்து வந்த சந்திர பிரியங்கா. நடுவில் சுமார் 40 வருடம் காலி. அவரும் 2023 அக்டோபரில், சாதியாலும் பாலினத்தாலும் தாக்கப்பட்டேன் என்று கடிதம் எழுதிவிட்டுப் பதவி விலகினார்.

உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு உண்டு. ஆனால் நமக்கு 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் 2006ல்தான் நடந்தது. அதில் ஜெயித்த பெண்கள் வார்டு வார்டாகக் குழாய்த் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் அலைந்ததை அலுவலகத்தில் இருந்தபடி பார்த்திருக்கிறேன். அவர்கள் காலம் 2011ல் முடிந்தது. உடனே வரவேண்டிய அடுத்த தேர்தல் வருடக்கணக்கில் வரவில்லை. தேர்தலே இல்லாத இடத்தில் ஒதுக்கீடு இருந்து என்ன?

நாடாளுமன்றத்திலும் சட்டசபைகளிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற மசோதா முதலில் வந்தது 1996ல். 27 வருடம் கழித்து, 2023 செப்டம்பரில் 106வது அரசியல் சட்டத் திருத்தமாக நிறைவேறியது. அந்த டிசம்பரிலேயே புதுச்சேரி சட்டசபைக்கும் சேர்த்துத் தனிச் சட்டம் போட்டார்கள். நமக்குத் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 30. மூன்றில் ஒரு பங்கு என்றால் 10. கேட்கச் சந்தோஷமாக இருந்தது. குமாஸ்தா பழக்கம், “எப்போதிலிருந்து?” என்று தேடினேன். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு, அதன்படி தொகுதி மறுவரையறை செய்த பிறகு என்று இருந்தது. நிறைவேறிய சட்டத்தில் தேதி ஒன்றும் இல்லை.

1916ல் ‘நபர்’ என்ற சொல் பூட்டாக இருந்தது. 2023ல் ‘பிறகு’ என்ற சொல் பூட்டாகியிருக்கிறது. ‘நபர்’ பரவாயில்லை, அதன் பொருள் என்ன என்று கோர்ட்டில் போய்க் கேட்கலாம். ‘பிறகு’ என்பதற்கு எல்லாருக்கும் பொருள் தெரியும். “பிறகு பரிசீலிக்கலாம்” என்று எழுதப்பட்ட கோப்புகள் எந்த அலமாரியில் கிடக்கும் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆனால் ஒன்று. ஒரு கட்சி தன் வேட்பாளர் பட்டியலில் பத்துப் பெண்களைப் போட எந்தச் சட்டமும் வரவேண்டியதில்லை. எந்தக் கணக்கெடுப்பும் முடியவேண்டியதில்லை. அடுத்த தடவை கைகூப்பிக்கொண்டு வாசலுக்கு வருகிறவர்களிடம், “உங்க லிஸ்ட்ல 30க்கு எத்தனை பெண்கள்?” என்று மட்டும் கேளுங்கள். நம் வயதில் நமக்கு யாரிடமும் ஒரு காரியமும் ஆகவேண்டியதில்லை, தாராளமாகக் கேட்கலாம். “பார்க்கலாங்க, பிறகு” என்று பதில் வந்தால், அந்த வீட்டு வாக்கையும் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.